தாத்தாவின் ரைஸ் மில்லை வீடாக்க முடியுமா?

வந்திருக்கும் கேள்வி இது. தஞ்சைப் பக்கம் ஒரு கிராமத்தில் தாத்தா நடத்திய நெல் அரவை மில் பதினைந்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஓட்டுக் கூரை, கனமான சுண்ணாம்புச் சுவர். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்கிறார்கள் சிலர். கேட்டவருக்கு அதையே வீடாக்கிக் குடியேற ஆசை. சித்தப்பா, அத்தை, மச்சான் எல்லோரும் "நாங்க இருக்கோம், கூலி மிச்சம்" என்கிறார்களாம். எங்கே தொடங்குவது, சொந்தங்களை வைத்து எவ்வளவு தூரம் போகலாம், சும்மா உட்காராத எழுபத்திரண்டு வயது அப்பாவுக்கு என்ன வேலை கொடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

முடியும். நாங்கள் செய்தோம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தாவின் மில்லை 2022 தையில் திறந்தோம், 2023 ஆவணியில் அதில் பால் காய்ச்சினோம். இருபது மாதம். புதுவீடு என்றால் பத்து மாதத்தில் முடிந்திருக்கும். அந்தக் கூடுதல் பத்து மாதத்தில் பாதி, நாங்கள் வரிசை தெரியாமல் செய்த வேலையை அவிழ்த்துத் திரும்பச் செய்ததில் போனது. அதனால் வரிசையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். இன்னொன்று, பழைய கட்டடத்தில் குடும்பம் செய்யக்கூடிய வேலைகள் நிறைய உண்டு. ஆனால் அவை நீங்கள் நினைக்கும் வேலைகளாக இருக்காது.

கடப்பாரையைத் தொடுவதற்கு முன்னால் பத்திரத்தைத் தொடுங்கள். மில் தாத்தா பெயரில் இருந்தால் அது இன்னும் பலருடைய சொத்து. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அன்றைக்கு மணமாகாதிருந்த மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. 2005 செப்டம்பரில் அது மணமான மகள்களுக்கும் சேர்த்து நாடு முழுமைக்கும் வந்தது. தாத்தா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போயிருந்தாலும் மகள்களும் வாரிசுகள்தான். உங்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து ஓடு கழுவப்போகும் அத்தையும் அந்தச் சுவரில் ஒரு பங்குக்காரர். அவரிடம் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு நாற்பது லட்சம் போடாதீர்கள். பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ எது பொருந்துமோ அதை எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு, வெளியாளிடம் கிரயம் வாங்குகிற செலவு ஆகாது. அத்தை பங்கு வேண்டாம் என்று சொன்னாலும் மனசார ஏதாவது செய்யுங்கள். நாங்கள் களத்தில் ஒரு பகுதியை அத்தை பெயருக்கு எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு வேலை நடந்த நாட்களில் அவர் வந்து நின்ற நிமிர்வே வேறு.

வில்லங்கச் சான்றிதழ் போடும்போது எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போங்கள். மில்கள் பெரும்பாலும் கடனில் ஓடியவை. மோட்டார் வாங்க, நெல் கொள்முதலுக்கு என்று கட்டடத்தை அடமானம் வைத்திருப்பார்கள். கடனைக் கட்டியிருந்தாலும் ரசீது எழுதி அடமானத்தை நீக்காமல் விட்டிருப்பார்கள். எங்களுடையதில் அப்படி ஒன்று இருந்தது, நீக்க நான்கு மாதம் ஆனது. மின் இணைப்பும் தொழிற்சாலை இணைப்பாக இருந்திருக்கும். உயிரோடு இருந்தால் வீட்டு இணைப்பாக மாற்ற மனுப் போடுங்கள், துண்டித்துவிட்டால் புதிதாக வாங்க வேண்டும். மில்லை வீடாக்குவது பயன்பாட்டு மாற்றம் என்பதால் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ அனுமதி விவரத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, கட்டடத்துக்கு வருவோம்.

முதல் மழைக்காலம் முழுக்க எதையும் செய்யாமல் பாருங்கள். இதை யாரும் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது, எங்கே தேங்குகிறது, சுவரில் எவ்வளவு உயரத்துக்கு ஓதம் ஏறுகிறது என்று சாக்கட்டியால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சுவரில் விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் குறித்து வையுங்கள். அல்லது மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே இரு பக்கமும் ஒட்டி வையுங்கள். டெல்டா மண் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதோடு சேர்ந்து மூச்சு விடுகிற விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். பங்குனி, சித்திரையில் கண்ணாடி உடைந்து விரிசலும் ஒரே திசையில் அகலமாகிக்கொண்டே போனால் அஸ்திவாரம் இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கட்டணத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

சுவரின் காரை என்ன என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. செங்கல்லுக்கு நடுவிலிருந்து நெல்லிக்காய் அளவு காரைக் கட்டியைப் பெயர்த்து, ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு போட்டு வையுங்கள். காலையில் சேறாகக் கரைந்திருந்தால் மண் காரை. அப்படியே கட்டியாகக் கிடந்தால் சுண்ணாம்பு. எங்கள் மில்லில் முன்பக்கச் சுவர்கள் சுண்ணாம்பு, பின்னால் உமி கொட்டிய அறை மட்டும் மண். அந்த அறையைக் காப்பாற்ற முயன்று நேரத்தை வீணாக்கவில்லை, இறக்கிவிட்டோம். அதன் செங்கல்லைச் சுத்தம் செய்து அடுக்கியது என் இரண்டு தங்கைகளும் அவர்கள் வீட்டுக்காரர்களும். ஆயிரத்து எண்ணூறு கல் தேறியது.

இப்போது கூரை. இந்த மாதிரி மில்களில் பெரும்பாலும் மங்களூர் ஓடு. ஓட்டின் முதுகில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். சிலவற்றில் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ அமைப்பின் பெயரோடு 1865 என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மில்லே 1865இல் கட்டியது என்று எங்கள் மாமா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அது பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். ஓடு பிறகு எப்போது வேண்டுமானாலும் சுட்டதாக இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 16 ஓடு. 900 சதுர அடி மில் என்றால் சரிவையும் சேர்த்து ஏறக்குறைய 1,500 ஓடு. ஒன்று இரண்டேகால் கிலோ என்றால் மொத்தம் ஏறக்குறைய மூன்றரை டன் எடை உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது, அதை மரம் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மரம் எப்படி இருக்கிறது என்பதுதான் முழு வீட்டுக்கும் அடிப்படை. நடுவில் பார்த்தால் தெரியாது. சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் கால் அங்குலம்கூட இறங்காது. கரையான் தின்ற மரம் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பிஸ்கட் மாதிரி பொடிந்துவிடும். முனை மட்டும் போயிருந்தால் முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல ஆசாரி போன பகுதியை வெட்டி எறிந்து, புதுத் தேக்கில் ஒட்டுப் போட்டு போல்ட் அடித்துத் தருவார். எங்களுக்குப் பதினொரு சட்டத்தில் நான்கு அப்படித் தேறின. இரண்டை முழுதாக மாற்றினோம்.

இந்த வேலையில் குடும்பம் மேலே ஏறக்கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஓடு உட்காரும் குறுக்குக் கட்டைதான் ரீப்பர், பழைய ரீப்பர் எங்கே முறியும் என்று யாருக்கும் தெரியாது. ஓடு பிரிக்கிற ஆட்கள் கால் வைக்கும் இடமே வேறு, சட்டத்தின் மேல் மட்டும்தான் நடப்பார்கள். என் மச்சினன் ஆர்வத்தில் ஏறி, ரீப்பர் முறிந்து, இடுப்பளவு உள்ளே போய், நல்லவேளை சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் என் தங்கை பேசாமல் உட்கார்ந்திருந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. கூலி மிச்சம் என்கிற பேச்சை அன்றோடு நிறுத்தினோம். சட்டத்துக்கு முட்டுக் கொடுப்பது, சுவர் உடைப்பது, மின்வேலை ஆகிய மூன்றும் அப்படித்தான், அதற்குரிய ஆளிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் கீழே இறங்கிய ஓடு முழுக்க குடும்பத்தின் வேலை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து விரல் முட்டியால் தட்ட வேண்டும். நல்ல ஓடு கணீர் என்று சொல்லும். மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கிவிடும். என் பெரியம்மாவுக்குப் பார்வை மங்கல், காது கூர்மை. களத்தில் வேப்பமர நிழலில் பாயைப் போட்டு உட்கார்ந்து ஆறு நாள் ஆயிரத்து ஐந்நூறு ஓட்டையும் தட்டித் தட்டிப் பிரித்தது அவர்தான். அவர் கழித்த ஓட்டில் எங்களுக்கு எதுவும் தெரியாது, தண்ணீர் ஊற்றினால் அடுத்த பக்கம் கோடாகக் கசியும். நாள் கூலிக்கு வருகிற ஆள் இதை இப்படிப் பார்க்க மாட்டார், அவருக்கு நேரமும் கிடையாது. கண்ணுக்கு உடைந்தது தெரிந்தால் கழிப்பார், மற்றதை ஏற்றிவிடுவார். முதல் மழையில் பத்து இடத்தில் ஒழுகும். பாசி பிடித்த ஓட்டைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவியது பிள்ளைகள். ஆசிட் ஊற்றாதீர்கள், ஓட்டின் மேல்தோல் போய்விடும்.

பத்துப் பதினைந்து சதவீதம் ஓடு உடையும், கழியும். பதிலுக்குப் பழைய ஓடே தேடி வாங்குங்கள், ஒரு ஓட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கொக்கியும் பள்ளமும் கொஞ்சம் மாறும், கலந்து போட்டால் உட்காராது. ரீப்பர் அடிக்கும் இடைவெளியையும் உங்கள் ஓட்டை வைத்தே அளக்கச் சொல்லுங்கள். கீழே சீலிங் ஓடு ஒரு வரிசை போட்டால் வெயில் நன்றாகக் குறையும், தூசியும் கொட்டாது.

காலம் பற்றி ஒன்று. எல்லோரும் தை பிறந்ததும் தொடங்கச் சொல்வார்கள். டெல்டாவில் தை என்பது சம்பா அறுப்பு. ஆளும் கிடைக்காது, சொந்தக்காரர்களும் வயலில் இருப்பார்கள். தையில் சுத்தம் செய்வது, பாம்பு தேள் விரட்டுவது, அளவெடுப்பதோடு நில்லுங்கள். கூரையை மாசிக் கடைசியில் பிரித்து, ஆனிக்குள் மூடிவிடுங்கள். பிரித்த கூரையை ஒரே வீச்சில் திறந்து போடாமல் பாதி பாதியாகச் செய்தால் கோடை மழைக்கும் பயமில்லை.

அப்புறம் சுவர். இதில்தான் நாங்கள் பெரிய தப்புச் செய்தோம், எனவே நிதானமாகவே எழுதுகிறேன்.

அந்தக் காலச் சுவரில் ஓதத் தடுப்புப் படை கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், அதனால்தான் சுவர் எழுபது வருடம் நின்றது. இடையில் யாரோ கீழ்ப்பகுதிக்கு நான்கடி உயரம் சிமெண்ட் பூசியிருப்பார்கள். உங்கள் மில்லிலும் இருக்கும், போய்ப் பாருங்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற கோட்டுக்கு மேலே உப்பாகப் பூக்கும். எங்களுக்கு இது தெரியாது. வடக்கு அறையில் பழைய பூச்சை எடுத்துவிட்டு முழுக்கச் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்தோம். அவ்வளவு அழகாக இருந்தது. கார்த்திகை மழை முடிந்து, தை வெயில் வந்ததும் பட்டி அப்பளம் மாதிரி பொரிந்து தரையில் விழுந்தது. கையால் தொட்டால் வெள்ளை உப்பு. எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போட்ட வேலையை நாங்களே கொத்தி எடுத்தோம்.

பிறகு செய்தது இது. ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை சிமெண்ட் முழுவதையும் எடுத்தோம். சிறிய சுத்தியலும் உளியும்தான், டிரில்லிங் மெஷின் வைத்து அடித்தால் பழைய செங்கல்லின் முகமே பெயர்ந்து வந்துவிடும். இணைப்புகளில் உளுத்த காரையைச் சுரண்டி, உப்பைத் துடைப்பத்தால் பெருக்கி எடுத்து, மூன்று மாதம் சுவரைத் திறந்தே காய விட்டோம். வெளியே சுவரை ஒட்டித் தண்ணீர் நிற்காமல் சரிவு கொடுத்து வாய்க்கால் எடுத்தோம். உள்ளே எத்தனை வேலை செய்தாலும் வெளியே தண்ணீர் தேங்கினால் பலன் இல்லை. அதற்குப் பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு.

சுண்ணாம்பு விஷயத்தில் குடும்பம் பிரமாதமாக வேலை செய்யலாம், ஒரே ஒரு கட்டத்தைத் தவிர. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றும்போது அது கொதிக்கும், தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடி, கையுறை போட்ட பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் பக்கத்தில் இருங்கள், சுத்தமான தண்ணீர் ஒரு குடம் தயாராக இருக்கட்டும், பிள்ளைகளை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீர் மூடியபடி குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஊற விடுங்கள். ஊற ஊற வெண்ணெய் மாதிரி ஆகும்.

கழித்துப் போட்ட உடைந்த ஓடுகளை வீசாதீர்கள். அவற்றை இடித்துச் சலித்தால் அதுதான் சுர்க்கி. சுட்ட களிமண் தூள் சுண்ணாம்போடு சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும், வெறும் மணலைவிடப் பூச்சு உறுதியாகும். எங்கள் வீட்டில் மாமா உலக்கை போட, அத்தையும் அம்மாவும் மாவு சலிப்பதைப் போலச் சலித்தார்கள். மூக்கில் துணி கட்டினால் போதாது, நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் காரை குழைப்பது பழைய வழக்கம். எங்கள் கொத்தனாரின் அப்பா அந்தக் காலத்துக் கைக்காரர், எண்பது வயது. அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து "இன்னும் குழையணும்" என்பார். அவர் சரி என்று சொன்ன பிறகே பூசினோம். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், அவர் மகனிடமே கேளுங்கள்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணலும் சுர்க்கியும் கலந்து, அரை அங்குலம் அளவுக்கு மெல்லிய படைகளாகப் பூசுங்கள். சித்திரை வெயிலில் பூச வேண்டாம், வெடிக்கும். ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு வாரமாவது ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் மறுபடி மூச்சை அடைத்த கதைதான்.

கதவு ஜன்னலில் பழைய எனாமல் பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கும். பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற கட்டாய வரம்பு 2017 நவம்பரில்தான் இந்தியாவில் அமலுக்கு வந்தது, அதற்கு முந்தையதில் நிறைய ஈயம் இருக்கலாம். உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, சுரண்டலைச் சாக்கில் கட்டி ஒதுக்குங்கள். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. பக்கத்து ஷெட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை உடைக்காமல், நனைத்து, முழுசாகக் கழற்ற ஆள் வையுங்கள்.

ஜன்னல் பெரிதாக வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். பழைய சுவரில் கான்கிரீட் லிண்டல் இருக்காது, ஜன்னலுக்கு மேலே செங்கல் வளைவு இருக்கும். அகலத்தைக் கூட்டினால் வளைவு உட்கார்ந்துவிடும். அகலத்தைத் தொடாமல் கீழ்ச்சுவரை மட்டும் வெட்டி இறக்குங்கள், ஜன்னல் கதவாகிவிடும், வளைவுக்கு எந்தப் பங்கமும் வராது. இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. நான் ஊரில் இல்லாத நாளில் மாமா கொத்தனாரிடம் ஓரடி அகலம் கூட்டச் சொல்லிவிட்டார். அவரும் பெரியவர் சொல்கிறாரே என்று இரண்டு வரிசைக் கல்லை எடுத்துவிட்டார். மாமா செய்தது அன்பினால்தான், அந்த அறையில் வெளிச்சம் குறைவு என்று அவருக்குக் கவலை. அன்றிலிருந்து கொத்தனாரிடம் பேசுவது ஒரே ஆள் என்று வைத்தோம், எங்கள் வீட்டில் என் மனைவி. யாருக்கு எந்த யோசனை என்றாலும் ராத்திரி சாப்பாட்டில் பேச வேண்டும், காலையில் அவர் மட்டும் போய்ச் சொல்வார். நீங்கள் முதல் நாளே இதைச் செய்யுங்கள், அப்போது யாரும் மனத்தாங்கல் கொள்ள மாட்டார்கள்.

மில்லுக்கே உரிய இரண்டு தலைவலிகள் உண்டு. ஒன்று தரை. டீசலும் மசகு எண்ணெயும் பல வருடம் ஊறிய தரையில் எந்த டைலும் ஒட்டாது, வாடையும் போகாது. கழுவிப் பயனில்லை. கறுத்த பகுதியை மண்ணோடு அரையடி, தேவைப்பட்டால் ஓரடி வெட்டி வெளியே எடுங்கள். எப்படியும் தரையை உயர்த்த வேண்டியிருக்கும், ஏனென்றால் ஊரில் ரோடு போடப் போடச் சாலை மேலே ஏறிவிட்டது, மில் பள்ளத்தில் நிற்கிறது. மில் சுவர் பதினான்கு அடி உயரம் என்பதால் தரையை ஒன்றரை அடி ஏற்றினாலும் அறை தாழ்வாகத் தெரியாது. இடித்த அறையின் செங்கல் சல்லியே நிரப்ப உதவும். தரை போடும் முன் கரையான் மருந்து அடிக்க ஆள் கூப்பிடுங்கள், அந்த நேரத்தை விட்டால் பிறகு சுவர் ஓரமெல்லாம் துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும்.

இரண்டாவது, எஞ்சின் மேடை. ஆறடி நீளம், நாலடி அகலம், மண்ணுக்குள் எவ்வளவு போகிறது என்றே தெரியாத கான்கிரீட் பாறை, மேலே துருப்பிடித்த போல்ட்டுகள். நாங்கள் இரண்டு நாள் சம்மட்டி போட்டு ஒரு மூலையைக்கூட உடைக்க முடியவில்லை. பிரேக்கர் வைத்து உடைத்தால் அதிர்வு பக்கத்துச் சுண்ணாம்புச் சுவருக்குப் போகும் என்று பொறியாளர் தடுத்துவிட்டார். போல்ட்டை மட்டும் அறுத்து, மேலே கடப்பைக் கல் போட்டுத் திண்ணையாக்கினோம். கூடத்துக்கு நடுவில் திண்ணையா என்று கேட்டவர்கள் எல்லோரும் இப்போது வந்தால் அதில்தான் உட்காருகிறார்கள்.

குளியலறை, கழிப்பறையைப் பழைய சுவருக்குள் வைக்காதீர்கள். ஈரமான வேலை அத்தனையும் ஒரு பக்கமாகப் புதுக்கட்டாக வெளியே வரட்டும், அதற்குத் தனி அஸ்திவாரம் போடுங்கள். பழையதோடு கட்டி இணைக்காமல் நடுவில் இடைவெளி விட்டு மூடச் சொல்லுங்கள். புதுச்சுவர் கொஞ்சம் இறங்கும், பழையது இறங்கி முடித்தது. இணைத்தால் அந்த மூலையில் விரிசல் விழும். மின்வேலையில் பழைய வயர் ஒன்றைக்கூட விட்டு வைக்காமல் புதிதாக இழுத்து, மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுக்கொள்ளுங்கள்.

பணம், சாப்பாடு இரண்டைப் பற்றியும் யாரும் முன்னதாகப் பேசுவதில்லை. தம்பி மூன்று லட்சம் தருகிறான் என்றால் அது கடனா, அன்பளிப்பா, பிறகு வந்து தங்கும் உரிமையா என்று கொடுக்கும் அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் முதலில் எழுதவில்லை, ஒரு வருடம் கழித்து இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக ஞாபகம் இருந்தது. இருவருமே பொய் சொல்லவில்லை. சாப்பாடு இன்னும் முக்கியம். பத்துப் பேர் உதவிக்கு வந்தால் பத்துப் பேருக்கும் காலை டிபன், பதினொரு மணி டீ, மதியச் சாப்பாடு யார் செய்வது? முதல் மாதம் அம்மாவும் என் அண்ணியும் அடுப்பிலேயே நின்றார்கள். வீட்டு வேலையில் அவர்கள் கை ஒரு செங்கல்லில்கூடப் படவில்லை. அண்ணி ஒருநாள் "எனக்கும் ஒரு சுவர் கொடுங்க" என்றார். அன்று முதல் மதியச் சாப்பாட்டை ஊரில் மெஸ் நடத்தும் ஒருவரிடம் சொல்லிவிட்டோம். தெற்கு அறையில் கதவு ஜன்னல் முழுக்க அண்ணி சுரண்டி எண்ணெய் போட்டது. உதவி என்று வருகிறவர்களுக்கு வேலையைக் கொடுங்கள், அடுப்பை மட்டும் கொடுக்காதீர்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் யாரையும் வரச்சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். அவரவருக்குப் பிழைப்பு இருக்கிறது, முதல் மாதத்து உற்சாகம் எட்டாவது மாதம் இருக்காது.

கடைசியாக உங்கள் அப்பா. வெயிலில் கல் தூக்க விடாதீர்கள், அதே சமயம் நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து மேற்பார்வை என்று பெயரும் கொடுக்காதீர்கள், அவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் அப்பாவுக்கு அப்போது எழுபது. அவருக்குத் தண்ணீர் விடும் வேலையைக் கொடுத்தோம். பூசிய சுவருக்குக் காலை ஆறு மணி, பத்து, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு என்று சாக்கு நனைக்க வேண்டும். கொத்தனாருக்கு அது பிடிக்காத வேலை, சித்தாளும் மறந்துவிடுவார். அப்பா ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. கூடவே ஒரு நோட்டில் தேதி, எந்தச் சுவர், எத்தனை முறை, அன்று வந்த ஆள் யார் யார், சிமெண்ட் எத்தனை மூட்டை என்று எழுதி வந்தார். ஒருமுறை லோடு மணலில் கணக்கு இடித்தபோது அந்த நோட்டுதான் காப்பாற்றியது. அந்த நோட்டில் கிழக்குச் சுவருக்கான பக்கத்தில் 23 நாளுக்கும் கோடு போட்டிருக்கிறார், நடுவில் ஒரு நாள் மட்டும் "மழை, தேவைப்படவில்லை" என்று இருக்கிறது. அந்தச் சுவரில் இன்றுவரை ஒரு கீறல் விழவில்லை.